பழைய ஆம்ப்ளிபயர்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

இசைத்தட்டிலிருந்தோ ஒலிநாடாவிலிருந்தோ எழும் மின்னலைகள் மிக மெலிந்தவை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்கும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. அவ்வாற்றலை அவற்றிற்கு ஊட்டுவதே ஆம்ப்ளிபயர் என்னும் பெருக்கியின் தொழில். இருபது முப்பது ஆண்டுகள் அமைதியாக உழைத்த அக்கருவி ஒரு நாள் உறுமத் தொடங்குகிறது, அல்லது ஒரு பக்கம் ஊமையாகிவிடுகிறது. உடனே வீட்டில் இரு கட்சிகள் தோன்றுகின்றன. ‘இதைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குவோம்’ என்பது இளையோர் கட்சி. ‘பழைய சாமானின் கனம் இப்பொழுது வருமா?’ என்பது மூத்தோர் கட்சி. இரண்டு கட்சியாருமே கருவியின் மூடியைத் திறந்து பார்த்தவர் அல்லர் என்பதுதான் வேடிக்கை.

முதலில் தெளிய வேண்டியது, நோய் ஆம்ப்ளிபயருக்குத்தானா என்பது. இதற்குக் கருவி எதுவும் வேண்டா. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வல ஸ்பீக்கரின் கம்பியை இடப் பக்கத்திலும், இட ஸ்பீக்கரின் கம்பியை வலப் பக்கத்திலும் மாற்றிச் செருகுக. குறை அதே ஸ்பீக்கரிலேயே நின்றுவிட்டால் ஸ்பீக்கரோ அதன் கம்பியோ குற்றவாளி. குறை மற்ற ஸ்பீக்கருக்குத் தாவினால், ஆம்ப்ளிபயரோ அதற்கு ஒலி தரும் கருவியோ குற்றவாளி. ஒலி தரும் கருவியின் கம்பிகளையும் அவ்வாறே மாற்றிப் பார்த்தால் மிச்ச ஐயமும் தீரும். பௌதிக வகுப்பில் ‘ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே விடு’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை இதுவே. இதைச் செய்யாமல் கருவியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவோர் பலர்.

இனி, கருவிக்குள் முதலில் மூப்படைவது எது? டிரான்சிஸ்டர் அன்று, மின்மாற்றியும் அன்று. உருளை வடிவான மின்தேக்கிகளே முதலில் தளர்கின்றன. கடைவீதியில் இவற்றைக் கண்டென்சர் என்பர். இவற்றுள் ஈரமான ஒரு திரவம் உண்டு. அது வெப்பத்தால் மெல்ல உலர்கிறது. உலர்ந்தபின் நேர்மின்னோட்டத்தைச் சமனாக்கும் திறம் குன்றவே, இரு ஸ்பீக்கர்களிலும் ‘ம்ம்’ என்ற உறுமல் கேட்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. கருவி அதன் இரு பாதிகளையும் திருத்திப் பயன்கொள்வதால் உறுமல் நொடிக்கு 100 அதிர்வாகக் கேட்கிறது.

மின்தேக்கியின் ஆயுளைக் கணக்கிட்டே காட்டலாம். 85 டிகிரி வெப்பத்தில் 2,000 மணி நேரம் உழைக்கும் எனக் குறிக்கப்பட்ட மின்தேக்கி, பத்து டிகிரி குறையுந்தோறும் ஏறத்தாழ இருமடங்கு காலம் உழைக்கும் என்பது பொது விதி. கருவியின் உட்புறம் 65 டிகிரியில் இருந்தால் 8,000 மணி. 45 டிகிரியில் இருந்தால் 32,000 மணி. நாளைக்கு நான்கு மணி நேரம் பாட்டுக் கேட்கும் வீட்டில் முன்னது ஐந்தரை ஆண்டு, பின்னது ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டு! மூடிய அலமாரிக்குள் திணித்து, மேலே பூவேலைத் துணியும் விரித்து வைக்கும் வழக்கம் எத்தனை ஆண்டுகளைத் தின்றுவிடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மின்தேக்கிகள் விலை குறைந்தவை, எங்கும் கிடைப்பவை. இவற்றிற்காக ஒரு நல்ல கருவியைத் தள்ளுவது, திரி கருகியதற்காகக் குத்துவிளக்கை விற்பது போன்றது.

திருகைத் திருப்பும்பொழுது எழும் கரகரப்பு, உட்தூசியின் வேலை. துப்புரவு செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

என் பழைய மாணவர் ஒருவரின் அன்னையார், மறைந்த தம் கணவர் பதிவு செய்து வைத்த ஒலிநாடாக்களை நாள்தோறும் கேட்பவர். அவ்வீட்டு ஆம்ப்ளிபயரின் இடப் பக்கம் காலையில் ஊமையாக இருக்கும். ஒலியளவைச் சற்று உயர்த்தினால் திடுமென விழித்துக்கொள்ளும். ஒரு கடைக்காரர், ‘பலகை முழுவதும் எரிந்துவிட்டது, இதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றாராம். எரிந்துபோன பாகம் ஒலியளவை உயர்த்தினால் உயிர்பெறுமா? ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே என்னும் சிறு விசையின் தொடுமுனைகளில் களிம்பு ஏறினால்தான் இத்தகைய குறி தோன்றும்: மெலிந்த மின்னோட்டம் அதைத் தாண்டாது, வலுத்தது தாண்டிவிடும். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னேன். ரிலேயை மாற்றினார், தளர்ந்த இரண்டு மின்தேக்கிகளையும் மாற்றினார். ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்தது.

ஆயினும் எல்லாக் கருவிக்கும் இந்நல்லூழ் வாய்ப்பதில்லை. கடைசிக் கட்டத்து டிரான்சிஸ்டர்கள் எரிந்தால் ஸ்பீக்கர் முனையில் நேர்மின்னழுத்தம் தோன்றிவிடும். பாட்டு இல்லாத வேளையில் மீட்டரை வைத்துப் பார்த்தால், நலமான கருவியில் அது பெரும்பாலும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். வோல்ட் கணக்கில் காட்டினால் அக்கணமே கருவியை நிறுத்துக. இல்லையேல் ஸ்பீக்கரின் சுருளும் கருகும். 2N3055 போன்ற பேர்பெற்ற டிரான்சிஸ்டர்கள் இன்றும் கிடைக்கும். ஆனால் எஸ்.டி.கே. என்னும் எழுத்துக்களுடன் வந்த ஒற்றைக் கட்டி ஐ.சி.களைக் கொண்ட கருவிகள் பல உள. அசலாக அவை கிடைப்பது அரிது. சந்தையில் போலிகள் மலிந்துள்ளன. போலியை வைத்தால் சில நாளில் பழைய கதைதான். இவ்விடத்தில் நான் இளையோர் கட்சி.

மின்மாற்றி எரிந்திருந்தால்? கருவியின் எடையிலும் விலையிலும் பெரும் பங்கு அதற்கே. நம் ஊர்களில் காயில் கட்டித் தருவோர் இன்னும் இருக்கின்றனர். எனினும் அச்செலவோடு மற்றச் செலவும் சேர்ந்து, அதே தரமுள்ள புதிய கருவியின் பாதி விலையைத் தாண்டுமானால் விட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

புதிது வாங்குவோர் வாட் எண்ணிக்கையில் மயங்குதல் வேண்டா. 20 வாட்டுக்குப் பதில் 40 வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு, அதாவது 200 வாட் வேண்டும்! ‘டி’ வகுப்பு என வழங்கும் புதிய பெருக்கிகள் உண்ணும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை பயனாக்குவன, சூடும் குறைவு. ஆனால் அவற்றின் பாகங்கள் எள்ளளவினவாய்ப் பலகையோடு ஒட்டியிருத்தலின், ஊர் மெக்கானிக்கின் சூட்டுக்கோலுக்கு எளிதில் பணியா. இசைத்தட்டு கேட்போர் அதற்குரிய தனி நுழைவாய் புதிய கருவியில் உண்டா என்றும் கேட்டறிக.

பழுது பார்ப்பதென்று முடிவு செய்தால், தாமே மூடியைக் கழற்றுதல் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பெரிய மின்தேக்கிகள் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். மெக்கானிக்கிடம் எந்தப் பாகம், ஏன் என்று கேட்டு, கழற்றிய பாகங்களைத் திரும்பப் பெறுக. சரிசெய்த கருவியை முதலில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்து இயக்கச் சொல்லுக. பல்பு ஒருகணம் மின்னி மங்கினால் குற்றமில்லை. விடாது பளிச்சென்று எரிந்தால் உள்ளே இன்னும் குறை இருக்கிறது. பிறகு வீட்டில் முதல் இரண்டு மூன்று நாள், விலை குறைந்த பழைய ஸ்பீக்கரோடு இணைத்துக் கேட்டுவிட்டு, அதன் பின்னரே நல்ல ஸ்பீக்கரை மாட்டுக.