ஒருவர் சம்மதம் போதுமா? இந்திரா காந்தி வழக்கில் கிறிஸ்துவர்களுக்கும் பாடம் உண்டு

ஈப்போ: பிள்ளையின் மதத்தை மாற்ற தாய், தந்தை இருவரில் ஒருவரின் சம்மதம் மட்டும் போதுமா? ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை எம்.இந்திரா காந்தியின் வழக்கு நாட்டின் முன் வைத்த கேள்வி இது. இந்து குடும்பத்து வழக்குதானே, நமக்கென்ன என்று தேவாலயம் செல்லும் தமிழர்கள் ஒதுங்கிவிட முடியாது.

2009-ஆம் ஆண்டு இந்திராவின் கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். அடுத்த மாதமே, தாயின் சம்மதமின்றி மூன்று பிள்ளைகளின் மதமும் மாற்றப்பட்டது. 11 மாதக் கைக்குழந்தையான கடைசி மகளை அவர் தம்முடன் கொண்டு சென்றார். 2013-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அந்த மதமாற்றத்தை ரத்து செய்தது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இறுதியில் 2018 ஜனவரி 29-ஆம் தேதி, கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இந்திராவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர்.

தீர்ப்புக்கு இரண்டு முக்கியக் காரணங்கள். பேராக் மாநிலச் சட்டப்படி, இஸ்லாத்தைத் தழுவுபவர் கலிமா சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதைச் சொல்லவில்லை. அடுத்து, சிவில் முறையில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளை மதம் மாற்ற தாய், தந்தை இருவரின் சம்மதமும் தேவை.

கிறிஸ்துவர்களுக்கு இதில் என்ன பங்கு? தேவாலயத்தில் மோதிரம் மாற்றினாலும் கோயிலில் தாலி கட்டினாலும், முஸ்லிம் அல்லாதாரின் திருமணப் பதிவு 1976-ஆம் ஆண்டின் ஒரே சட்டத்தின் கீழ்தான் வருகிறது. இந்திராவுக்கு நேர்ந்தது நாளை ஒரு கிறிஸ்துவத் தாய்க்கும் நேரலாம். இத்தகைய பாதுகாப்பை அந்தச் சட்டத்திலேயே எழுதிவைக்க 88ஏ என்ற பிரிவு முன்மொழியப்பட்டது. ஆனால் 2017-இல் அது கைவிடப்பட்டது. பௌத்த, இந்து, சீக்கிய, தாவோ சமயத்தாருடன் கிறிஸ்துவர்களும் இடம்பெற்றுள்ள சர்வசமய மன்றம், ஒருதலைப்பட்ச மதமாற்றத்தைத் தொடர்ந்து எதிர்த்து வருவதற்கு இதுவும் காரணம்.

ஆனால் இவ்விஷயத்தில் கிறிஸ்துவர்கள் தங்கள் சொந்த வரலாற்றையும் மறக்கக் கூடாது. 1858-இல் இத்தாலியின் பொலோனா நகரில் எட்கார்டோ மோர்த்தாரா என்ற ஆறு வயது யூதச் சிறுவனைப் போப்பாண்டவர் அரசின் காவலர்கள் பெற்றோரிடமிருந்து பறித்துச் சென்றனர். குழந்தையாக நோயுற்றிருந்தபோது, வீட்டு வேலைக்காரப் பெண் அவனுக்கு ரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்திருந்தார் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பெற்றோர் எவ்வளவு மன்றாடியும் போப் ஒன்பதாம் பத்திநாதர் பிள்ளையைத் திருப்பித் தரவில்லை. அவன் பின்னாளில் பாதிரியாரானான். பெற்றோரின் இழப்பு இழப்பாகவே நின்றது.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மத விஷயத்தில் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், பிள்ளைகளின் சமயக் கல்வியைத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்றும் அறிவித்தது. மனம் ஒப்பாமல் வருவது விசுவாசம் ஆகாது என்பதே அதன் அடிப்படை. ஆனாலும் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க பெற்றோரில் ஒருவர் சம்மதித்தாலே போதும் என்கிறது. இந்திரா வழக்கில் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று குரல் கொடுப்பவர்கள், தங்கள் வீட்டுக்கும் அதே அளவுகோலை வைக்க வேண்டாமா?

பேராக்கில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. ரப்பர் தோட்டங்களில் கோயிலும் சிற்றாலயமும் அருகருகே இருந்த காலத்திலிருந்தே, ஒரே குடும்பத்தில் அண்ணன் திருநீறும் தம்பி சிலுவையுமாக வாழ்ந்திருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின்னும் அந்தக் கலப்பு மாறவில்லை. டியூஷன், ஞாயிறு வகுப்பு என்று அழைத்துப் போய் பிள்ளைகளை மாற்றிவிடுகிறார்கள் என்று இந்து பெற்றோர் சிலர் குறைப்படுவதும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையை வகுப்பில் சேர்க்கும் முன், அதன் அப்பா, அம்மா இருவரிடமும் நேரில் கேட்டுவிட்டால் அந்தக் குறைக்கு இடமிருக்காது.

இந்திரா வழக்கில் வென்றார். ஆனால் தீர்ப்பு வெளியாகிப் பல ஆண்டுகள் ஆகியும், கைக்குழந்தையாகப் பிரிந்த மகளுக்காக அந்தத் தாய் காத்திருக்க நேர்ந்தது. ஒருவர் சம்மதம் போதும் என்று விட்டுவிட்டால் இன்னொருவர் கொடுக்கும் விலை இது.