உணவும் நகையும்: ஓய்மா நாட்டுப் பாட்டும் கூத்தும் காட்டும் ஒரு நெறி

பாட்டுக்குரிய பொருள்களுள் உணவுக்கு உயர்ந்த இடம் தருவார் சிலரே. காதலும் வீரமும் அறமும் பத்தியும் ஆராயப்படும் அளவு சோறும் கறியும் மோரும் ஆராயப்படுவதில்லை. உணவைப் பற்றிய தனிப்பாடல்கள் பொழுதுபோக்கிற்கு உரியன என்று ஒதுக்கப்படுகின்றன. கூத்தில் வரும் உணவு நகைச்சுவையோ, ஏட்டில் எழுதத் தகாத பாமரக் கேலி என்று கொள்ளப்படுகின்றது. இம்மதிப்பீடு பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. விடை காண்பதற்குத் தமிழகம் முழுவதும் சுற்ற வேண்டுவதில்லை. விழுப்புரமும் திண்டிவனமும் செஞ்சியும் அடங்கிய நிலப்பகுதியே போதிய சான்று தருகின்றது.

ஆராய்ச்சிக்குரிய அளவுகோலைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலிருந்தே பெறலாம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும். நம் பொருளுக்கு வேண்டியவை மூன்று. அழுகை தோன்றும் இடங்களுள் ஒன்று வறுமை. நகை தோன்றும் இடங்களுள் ஒன்று எள்ளல். உவகை தோன்றும் இடங்களுள் ஒன்று விளையாட்டு. பசி வறுமையின் விளைவாதலின் இயல்பாக அழுகைக்கு உரியது. அஃது எவ்வாறு எள்ளலாகி நகைக்கும், விளையாட்டாகி உவகைக்கும் இடமாகின்றது? இதனை மூன்று சான்றுகள் கொண்டு காண்போம்.

1. கிடங்கில்: அடுக்களையும் பொற்கலமும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளை உடையது. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. அவன் ஊராகிய கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக அப்பழம்பெயரோடே விளங்குகின்றது. பாட்டில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு ஆய்வாளர் பொருத்துவர். ஆகவே இப்பாட்டை இம்மண்ணின் பாட்டு என்று கொள்வதில் தடையில்லை.

நத்தத்தனார் உணவைக் கூறத் தொடங்குவது அரண்மனையில் அன்று; பாணனின் பாழடைந்த அடுக்களையிலேயே தொடங்குகின்றார். ஈன்ற நாய் ஒன்று, கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றி இழுப்பதைப் பொறுக்கமாட்டாமல் குரைக்கின்றது. சுவர் இடிந்திருக்கின்றது, கறையான் அரித்த புழுதியில் காளான் பூத்திருக்கின்றது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கின்றாள். அதனைப் புறங்கூறுவார் காணலாகாதே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள்.

இதில் நகைக்கு இடமே இல்லை. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அவள் அடைத்த கதவைப் புலவர் நமக்காகத் திறந்து காட்டுகின்றார். நாணத்தால் மறைக்கப்பட்ட பசி பாட்டில் வெளிப்படுகின்றது. உணவு கலைப்பொருளாவதற்கு முதற்படி இதுவே. மறைத்த பசியைச் சொல்லத் துணிந்த பின்னரே அதனை நகைக்கவும் இயலும்.

பின்னர்ப் பாட்டு வழிநடைக்குத் திரும்புகின்றது. எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் தேறலும் சுட்ட மீனும், வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் மகள் தரும் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டுக் கலவையும் என நெய்தல், முல்லை, மருத நிலங்களை உணவாலேயே புலவர் வேறுபடுத்துகின்றார். திண்டிவனம் என்னும் பெயரைத் திந்திரிணி வனம், அஃதாவது புளியங்காடு என்று விளக்குவது வழக்கம். அதனைக் கொண்டு அவ்வேலூர்ப் புளிச்சோற்றுக்கு இடம் குறிக்க முயல்வது மிகை. எனினும் இந்நிலத்தைப் பாடிய பழம்பாட்டில் புளி மணப்பது இனிய பொருத்தமே.

இறுதியில் நல்லியக்கோடனின் விருந்து. அங்குப் பரிமாறப்படும் அடிசில், அருச்சுனனுக்கு மூத்தோனாகிய வீமன் இயற்றிய நுண்ணிய மடைநூலின் முறை வழுவாது ஆக்கப்பட்டது என்று புலவர் கூறுகின்றார். உணவிட்ட பொற்கலம், கோள்மீன்கள் சூழ நிற்கும் இளஞாயிற்றை எள்ளும் தோற்றம் உடையதாம். பெருங்கலத்தைச் சூழ்ந்த சிறுகலங்கள் கோள்களாகின்றன. அரசன் அருகே தானே நின்று ஊட்டுகின்றான்.

'எள்ளும்' என்னும் சொல்லை ஊன்றி நோக்குக. உவம உருபாகவே அது வந்தது எனினும், சோற்றுத் தட்டு ஞாயிற்றைப் பார்த்து நகைக்கின்றது என்னும் பொருள் அதனுள் உறைகின்றது. உப்பில்லாக் கீரையை உண்டவன் கண்ணுக்கு அத்தட்டு வானத்தினும் பெரிதாகத் தோன்றுவது இயல்பே. அடுக்களையின் அழுகை இன்றேல் பொற்கலத்தின் எள்ளலுக்கு ஆற்றல் இல்லை. விளையாட்டு உவமை வறுமையிலிருந்தே வலிமை பெறுகின்றது என்பது இதனால் பெறப்படும் முதல் உண்மை.

2. ஆமாத்தூர்: இருவர் பாடிய பசி

விழுப்புரத்தை அடுத்தது திருவாமாத்தூர். அவ்வூர்க் கலம்பகம் பாடியவர் இரட்டைப்புலவர். இளஞ்சூரியர், முதுசூரியர் எனப்பட்ட இவருள் ஒருவர் கண்ணிழந்தவர், மற்றவர் கால் முடம்பட்டவர் என்பது மரபு. காலில்லாதவர் வழி சொல்லக் கண்ணில்லாதவர் சுமந்து நடந்தனர் என்பர். இருவரும் சேர்ந்தே வெண்பாவும் பாடினர். ஒருவர் முற்பாதி தொடங்க, மற்றவர் பிற்பாதி முடிப்பார்.

ஆங்கூர்ச் சிவன் கோயிலில் அவர்கள் பாடியதாக வழங்கும் தனிவெண்பா நம் ஆராய்ச்சிக்குரியது. முற்பாதியில் ஒருவர், 'நாங்கள் பசித்திருத்தல் முறையோ' என்று இறைவனை வினவுகின்றார். பிற்பாதியில் மற்றவர் இறைவன் வாயாகவே விடை கூறுகின்றார். சங்கும் முரசும் முழங்கும் ஓசையல்லாமல் இங்குச் சோற்றைக் கண்டவர் யார் என்பது அவ்விடையின் கருத்து. அஃதாவது, அடியார்க்கு மட்டும் அன்று, ஆண்டவனுக்கே படையல் இல்லை.

இதன் நயம் யாப்பின் அமைப்பிலேயே உள்ளது. வெண்பாவின் இடைமுறிவு வினாவையும் விடையையும் பிரிக்கின்றது. பாடுவோர் இருவராதலின் அவ்விரண்டும் இயல்பாகவே இருகுரல் ஆகின்றன. ஒருவரே பாடியிருப்பின் அது முறையீடு ஆகியிருக்கும். இருவர் பாடவே நாடகம் ஆயிற்று. எள்ளல் தன்பாலும் தோன்றும், பிறர்பாலும் தோன்றும் என்பது உரையாசிரியர் கொள்கை. ஈண்டு இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. புலவர் தம் பசியை எள்ளுகின்றனர். படையலை நிறுத்தியோரையும் எள்ளுகின்றனர். ஆனால் இறைவன் எள்ளப்படவில்லை. அவன் புலவரோடு ஒரே பந்தியில், வெற்றிலைக்கு முன்னே அமர்த்தப்படுகின்றான். பசித்தவர் மூவர் என்னும் உறவு அங்கே பிறக்கின்றது.

காளமேகப் புலவரின் நாகைச் சத்திரப் பாட்டோடு இதனை ஒப்பிடலாம். பொழுது சாயும்போது அரிசி வரும். குத்தி உலையிடும்போது ஊர் உறங்கும். ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி தோன்றும் என்பது அதன் கருத்து. காத்திருப்பவனின் பசி இரவின் அளவாக நீட்டப்படுகின்றது. நத்தத்தனார் தட்டைச் சூழக் கோள்களை நிறுத்தினார். காளமேகம் அகப்பையோடு விடிவெள்ளியை நிறுத்தினார். வானமும் சோறும் இவ்வாறு இணைதல் தற்செயல் அன்று. பசித்தவனுக்குச் சோற்றின் தொலைவை அளக்க வேறு அளவு இல்லை.

இம்மரபு பின்னும் தொடர்ந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிச் சிவகங்கை வில்லியப்ப பிள்ளை பாடிய 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' அங்கதமாகவே அமைந்தது. பசியின் கொடுமை மிக மிக நகையின் கூர்மையும் மிகுதல் காண்க.

3. செஞ்சி நாடு: வீமனின் சோற்று வண்டி

மடைநூல் செய்த வீமனைக் கிடங்கிலில் கண்டோம். அதே நிலப்பரப்பில் அவனை மற்றொரு கோலத்திலும் காண்கின்றோம். திரௌபதியம்மன் வழிபாடு செஞ்சியை அடுத்த மேலச்சேரியைச் சார்ந்து பெரிதும் பரவியது. அல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட விரிவான ஆராய்ச்சி நூலும் செஞ்சியையே தொடக்கமாகக் கொண்டது. இவ்விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும், இரவில் தெருக்கூத்தும், இறுதியில் படுகளமும் தீமிதியும் நிகழும். பல ஊர்களில் இடையே வருவது பகாசுரன் வதம்.

கதை யாவரும் அறிந்தது. வில்லிபாரதத்தில் வேத்திரகீயச் சருக்கம் இதனைக் கூறும். அரக்கனுக்கு நாள்தோறும் ஒரு வண்டிச் சோறும், வண்டி இழுக்கும் விலங்குகளும், ஓட்டிச் செல்லும் ஆளும் ஊரார் கொடுக்கும் திறை. ஒரு நாள் அந்தணன் வீட்டு முறை வர, வீமன் செல்கின்றான். சென்றவன் முதலில் செய்வது போர் அன்று. அரக்கனுக்குரிய சோற்றை உண்பதே. அரக்கன் முதுகில் அறைந்தபோதும் திரும்பாமல் உண்கின்றான். உண்டு முடித்த பின்னரே கொல்கின்றான்.

காவியத்தில் இது சில பாடல்களில் முடியும். கூத்தில் ஊர் முழுவதும் மேடையாகும். வீமன் வேடம் புனைந்தவர் மாட்டு வண்டியில் தெருத்தெருவாக வருவார். வீட்டார் சோறும் பலகாரமும் கொணர்ந்து வண்டியில் இடுவர். அவர் உண்பார், உண்பதுபோல் நடிப்பார், கூட்டத்திற்கும் வாரி வழங்குவார். சிறுவர் முண்டியடித்துக் கொள்வர். மகப்பேறு வேண்டுவோர் அவ்வுணவைப் பயபத்தியோடு ஏற்பர். யான் இளமையில் திண்டிவனத்துக்கு அணித்தான சிற்றூர் ஒன்றில் இதனைக் கண்டபோது என் நெஞ்சில் பதிந்தது வீமனின் பெருந்தோற்றம் அன்று. எம் வீட்டுக் கூழும் பக்கத்து வீட்டுப் பொங்கலும் ஒரே வண்டியில் ஏறியதுதான்.

இங்கு உணவு கலையின் பொருள் மட்டும் அன்று. கலை செய்வதற்குரிய கருவியும் ஆகின்றது. ஓவியனுக்கு வண்ணம் போலக் கூத்தனுக்குச் சோறு. கதைப்படி அச்சோறு அரக்கனுக்கு ஊர் அஞ்சித் தந்த திறை. கூத்தின்படி அது ஊர் மகிழ்ந்து தந்து, மகிழ்ந்து திரும்பப் பெறும் விருந்து. ஊரைத் தின்ற வாய்க்குச் சென்ற உணவை வீமன் வழிமறித்து ஊர்க்கே மீட்கின்றான். அழுகையும் அச்சமும் விளையாட்டாக மாறும் இடம் இதுவே. துன்பம் நீங்கிய நிலையிலேயே தொல்காப்பியர் உவகையை வைத்தார் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

பிறநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். பீட்டர் புரூகல் என்னும் ஓவியர் 1567-இல் ஐரோப்பியரின் கற்பனைச் சோற்று நாட்டைத் தீட்டினார். அங்கு உணவு தானே வரும். மாந்தர் உண்டு களைத்து மரத்தடியில் கிடப்பர். உழைப்பற்ற உணவு அவ்வோவியத்தின் நகை. நம் வண்டிச் சோறோ ஒவ்வோர் அடுப்பிலிருந்தும் வந்தது. அது சோம்பலின் கனவு அன்று, பகிர்வின் விளையாட்டு.

4. முடிவும் கடமையும்

இம்மூன்று சான்றுகளும் ஒரே மரபின் தொடர்ச்சி என்று யான் சாதிக்கவில்லை. நத்தத்தனாரின் வீமனுக்கும் கூத்தின் வீமனுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. 'நளபாகம், வீமபாகம்' என்னும் வழக்கு நாடெங்கும் உண்டு. அதனை இந்நிலத்துக்கே உரியதாக்கல் தவறு. யான் சொல்லவருவது இவ்வளவே: மூன்றிலும் பசியே அடித்தளம், மூன்றிலும் பசியை மறைக்கும் நாணம் உடைக்கப்படுகின்றது, பாட்டில் புலவர் கதவைத் திறந்தார், வெண்பாவில் இருவர் கோயிலில் நின்று கேட்டனர், கூத்தில் ஊரே தெருவுக்கு வந்தது. ஒருத்தி கதவடைத்து உண்டது தொடங்கி ஊர் தெருவில் உண்டதுவரை செல்லும் இந்நெறியை இழிந்த நகை என்று ஒதுக்குதல் ஆராய்ச்சி ஆகாது.

பசியை நகைத்தல் கொடுமையன்றோ எனின், அன்று என்க. நிறைந்த வயிற்றினன் பசித்தவனை நகைத்தல் கொடுமை. பசித்தவன் தன் பசியை நகைத்தல், அப்பசி தன்னை வெல்லவில்லை என்பதற்குச் சான்று.

இவற்றுள் முதல் இரண்டும் ஏட்டில் நிலைபெற்றன. 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிடில் கிடங்கில் அடுக்களை நம் கண்ணுக்கு எட்டியிராது. மூன்றாவதோ ஆடுவோர் வாயிலும் காண்போர் நினைவிலும் மட்டுமே வாழ்கின்றது. வண்டி மேல் நின்று வீமன் சொல்லும் உணவு வரிசைகளும், கட்டியங்காரன் அவ்வப்போது கட்டிச் சொல்லும் சோற்றுக் கேலிகளும் ஊர்க்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறுவன. ஆடியவர் மறையும்போது அவையும் மறையும். இக்காலத்தில் ஒலியும் காட்சியும் பதிதல் எளிது. ஆயினும் பதிந்ததைச் சொற்சொல்லாக எழுதி, ஊரும் நாளும் குறித்து, பாடவேறுபாடு காட்டித் தொகுப்பது தமிழ் கற்றோர் தொழில். முதுகலை மாணவர் ஒருவர் பங்குனி, சித்திரை, வைகாசித் திங்களில் விழா நிகழும் ஓரூரில் தங்கி இதனைச் செய்வாராயின், சுவடி தேடி அலைந்த முன்னோர் பணிக்கு அது சிறிதும் தாழ்ந்ததாகாது.