கொல்லிமலைக்கு ஒரு நாள் பயணம்: நோயாளிகளும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

"ஒரு நாள்தானே டாக்டர், காலையில் கிளம்பி இரவில் திரும்பிவிடுவோம்." விடுமுறைக் காலத்தில் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி நான் கேட்கும் சொற்கள் இவை. சொல்பவர் பெரும்பாலும் நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ள, அறுபது வயதைக் கடந்தவர்; செல்லவிருப்பது நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. போக வேண்டாம் என்று பொதுவாக நான் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு நாளில் கடினமான பகுதி எப்போது வருகிறது என்பதை விளக்கிவிடுவேன்.

மலைப் பயணத்தில் முதலில் ஏறுவோம், களைத்தபின் இறங்குவோம். ஆகாயகங்கை அருவியில் இது தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயிலின் அருகிலிருந்து 1,000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால்தான் அருவியை அடையலாம். மாடிக்கு 20 படி எனக் கொண்டால், திரும்பி வருவது மின்தூக்கி இல்லாத 50 மாடிக் கட்டடத்தில் ஏறுவதற்கு ஒப்பாகும். குளித்துப் பசித்து, வெயிலும் ஏறிய பிறகே அந்த ஏற்றம் தொடங்குகிறது. இறங்கும்போது மூச்சு வாங்குவதில்லை. ஆகவே தம்மால் இயலும் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு மாடிகளை நிற்காமல் ஏறிப் பாருங்கள். நெஞ்சில் இறுக்கமோ, பேச இயலாத மூச்சிரைப்போ தோன்றினால் பயணத்தைத் தள்ளிவைத்து மருத்துவரைக் காணுங்கள். ஏற முடிந்தாலும் அது 50 மாடிக்கான அனுமதி ஆகாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தம் இதய மருத்துவரின் ஒப்புதலின்றி அப்படிகளில் இறங்க வேண்டாம். அவர்களுக்கு மாசிலா அருவி எளிது. அங்கும் துணையொருவர் உடனிருக்கட்டும்.

சாலையிலும் ஒரு சிக்கல் உண்டு. காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு, காலை உணவும் உண்டு வண்டியில் ஏறியவர் முப்பதாவது வளைவில் வாந்தி எடுத்தால், மருந்து உடலில் தங்கிவிடும், உணவு தங்காது. இரத்தச் சர்க்கரை வேகமாகச் சரியும். வளைவுகளில் தலைசுற்றும் இயல்புடையவர்கள் அன்றைய மருந்தளவையும் நேரத்தையும் முன்கூட்டியே எங்களிடம் கேட்டு அறியுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம். வாந்தியைத் தடுக்கும் மாத்திரைகள் தூக்கம் தரும். புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்களுக்குச் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கலாம். கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.

படியேறும்போது சர்க்கரை தாழ்ந்தால் வியர்வை அடையாளமாகாது; அங்கே எல்லோருக்கும் வியர்க்கும். பேச்சுக் குழறல், காரணமற்ற எரிச்சல், தடுமாற்றம் ஆகியவற்றை உடன் செல்பவர் கவனிக்க வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் உட்காரவைத்து மீண்டும் சோதியுங்கள். நினைவு தவறியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். சர்க்கரைப் பொட்டலமும் குளுக்கோமீட்டரும் வண்டியில் அல்ல, உங்கள் இடுப்புப் பையில் இருக்கட்டும். கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையைக் குரங்குகள் விட்டுவைப்பதில்லை. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இன்சுலின் கெட்டுவிடும்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள் நண்பகலில் கோயில் கல்தரையில் வெறுங்காலுடன் நடந்தால், கொப்புளம் வந்தபின்தான் சுட்டது தெரியும். காலையிலேயே வழிபட்டுவிடுங்கள்.

இம்மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என எண்ண வேண்டாம். அவர்கள் தமிழ் பேசுபவர்கள். அவர்களது ஊர்களுக்குள் செல்லும்போது கேட்காமல் படமெடுப்பதும், வீட்டு முற்றத்தில் நுழைவதும் முறையன்று. அவர்கள் தலைமுறைகளாகப் பயிரிடும் சாமை, தினை, கேழ்வரகு நல்ல உணவுகள். எனினும் அளவு மீறினால் சாமைச் சோறும் சர்க்கரையை ஏற்றும். படிக்கட்டு வழியில் முடவாட்டுக்கால் கிழங்கின் சாறு விற்பார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்பது நெடுநாள் நம்பிக்கை. ஒரு கோப்பை அருந்துவதற்கு நான் குறுக்கே நிற்பதில்லை. சிறுநீரகப் பாதிப்புள்ளோரும், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் தவிர்ப்பது நலம். அன்போடு நீட்டுபவரிடம் முகம் சுளிக்காமல், "டாக்டர் வேண்டாம் என்றார்" என்று பழியை என்மீது போட்டுவிடுங்கள்.

புல்லிலும் புதர் ஓரத்திலும் உட்காராதீர்கள். முழுக்கால் ஆடை அணியுங்கள். திரும்பியதும் குளித்து உடுப்பை மாற்றுங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலைப் பரப்பும் மிகச்சிறு பூச்சிகள் புதர்களில் வாழ்கின்றன. கடிபட்டு 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் வரலாம். அதற்குள் பயணமே மறந்துபோயிருக்கும். அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, இடுப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் ஒரு கரும்புண் சிலருக்கு இருக்கும். அது வலிக்காது, எனவே வீட்டார்தான் தேடிப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் எளிய மாத்திரைகளால் குணமாகும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், மலைக்குச் சென்ற தேதியைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள்; அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.