லயத்து வீட்டைக் காலி செய்தால் தம்பி எங்கே போவான்?

சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம், பள்ளி விட்டு நான் கதவைப் பூட்டும் நேரத்தில் ஓர் அம்மா வந்து நின்றார். செம்பனைக் காட்டில் உரம் போடுகிறவர். கையில் நிர்வாகம் கொடுத்த கடிதம். "மலாயில இருக்கு சார், படிச்சுச் சொல்லுங்க" என்றார். படித்துச் சொன்னேன். அடுத்த ஆண்டு அவருக்கு 60 வயது நிறைகிறது. வேலை நின்ற மூன்று மாதத்தில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"எனக்கென்ன சார், பெரியவ வீட்டுல ஒரு மூலையில கெடந்துருவேன். தம்பி எங்க போவான்?"

தம்பி என் பழைய மாணவன். இன்று 27 வயது. ஆட்டிசம் என்ற சொல் அவன் முதலாம் ஆண்டில் உட்கார்ந்திருந்த நாளில் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. நானும் பயிற்சிக் கல்லூரியில் அதைப்பற்றி ஒரு பக்கம் படித்ததோடு சரி. பேச்சு குறைவு, சத்தம் ஆகாது, நீலத் தட்டில் போட்டால்தான் சாப்பிடுவான். தினமும் விடியற்காலை அம்மாவோடு பெரட்டுக்குப் போய், எல்லார் பெயரும் கூப்பிட்டு முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்புவான். தோட்டத்தில் அவனை அறியாதவர் இல்லை. வழி தவறினாலும் யாராவது கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள்.

இந்தக் காவல் முழுவதும் அந்த லயத்து வீட்டோடு கட்டப்பட்டது. வீடோ வேலையோடு கட்டப்பட்டது. நம்மில் பலர் பிள்ளை சிறியவனாக இருக்கும்போது எந்தப் பள்ளி, எந்த மருத்துவர் என்று அலைகிறோம். அவன் வளர்ந்தபின் எந்தக் கூரையின் கீழ் இருப்பான் என்பதை மட்டும், 'நான் இருக்கும்வரை பார்த்துக்கொள்வேன்' என்ற ஒரு வார்த்தையில் மூடிவிடுகிறோம்.

அந்த அம்மாவுக்காக நானும் சில இடங்களில் விசாரித்தேன். சமூக நல இலாகாவின் கீழ் நடக்கும் சமூக மறுவாழ்வு மையங்களை, பி.டி.கே. என்று சொல்வோமே, அவற்றைப் பலரும் அறிவீர்கள். 1984-இல் திரங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் அது. நல்ல திட்டந்தான், ஆனால் பகல் நேரத்துக்கு மட்டும். இரவுக்கு வீடு வேண்டும். அரசாங்கத்தின் தாமான் சினார் ஹராப்பான் இல்லங்கள் சிரம்பான், தம்போய் முதலிய இடங்களில் உள்ளன. ஆதரவற்ற ஒருவனுக்கு அது பெரிய அடைக்கலம். குறை சொல்ல மாட்டேன். ஆயினும் பலர் ஒன்றாக வாழும் பெரிய இடம், சத்தம் ஆகாத தம்பிக்கு ஏற்குமா?

சிறு இல்லம் என்று ஒரு வழி இருக்கிறது. நான்கைந்து பேர், சாதாரண வீடமைப்புப் பகுதியில் ஒரு வீடு, உடன் தங்கும் ஒரு பராமரிப்பாளர். அவரவர் துணியை அவரவர் மடித்து, மார்க்கெட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தாரோடு பழகி வாழலாம். தொண்டு நிறுவனங்கள் சில நடத்துகின்றன; போதவில்லை, பெரும்பாலும் பட்டணத்தில். இப்படி எங்காவது சேர்ப்பதாக இருந்தால் ஒன்றை மறவாதீர்கள். 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கும் இல்லம் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை உடற்குறை, மனவளர்ச்சிக் குறை உள்ளவர்க்கும் உண்டு என்கிறது ஐக்கிய நாட்டு உடன்படிக்கை. மலேசியா அதை 2010-இல் ஏற்றது. எங்கள் தோட்டத்தில் கீழ் லயத்தில் ஆறு வீடுகள் ஆளில்லாமல் புல் மண்டிக் கிடக்கின்றன. இரண்டைச் செப்பனிட்டு, இங்கேயே பிறந்து வளர்ந்த இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விட்டால் என்ன? நிர்வாகத்திடம் கேட்டேன். சிரித்தார்கள். மறுபடியும் கேட்பேன்.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓ.கே.யு. அட்டை எடுக்காதவர்கள் உடனே எடுங்கள். உழைக்க இயலாதவர்க்கான மாத உதவிக்கு அதுதான் வாசல். சொக்சோவின் குடும்பப் பென்ஷன் கிடைக்கும் வீட்டில், மற்றப் பிள்ளைகளுக்கு 21 வயதில் நிற்கும் பங்கு, தானே பிழைக்க முடியாத பிள்ளைக்கு அந்த வயதோடு நிற்பதில்லை. மருத்துவச் சான்று வேண்டும். சேமநிதிக்கு வாரிசு எழுதும்போதும் யோசியுங்கள். கணக்குப் பார்க்கத் தெரியாதவன் கையில் மொத்தப் பணமும் சேர்ந்தால், உறவு என்று சொல்லிக்கொண்டு யார் யாரோ வருவார்கள். அமானா ராயாவில் உயிலும் அறக்கட்டளையும் எழுதி வைக்கலாம். சிங்கப்பூரில் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே ஓர் அறக்கட்டளை நிறுவனம் 2009 முதல் இருக்கிறது. இங்கும் அப்படி ஒன்று வேண்டும்.

தம்பிக்கு இப்போதைக்கு அக்காள் வீடுதான். பட்டணத்தில் அடுக்குமாடி, இரண்டாம் மாடி. கடைசி நாளில் பெட்டியோடு கொண்டுபோய் விடாமல், மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பழக்கச் சொன்னேன். முதல் தடவை விடியும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். அக்காளும் அழுதிருக்கிறாள். அடுத்த தடவை நீலத் தட்டும் அவன் பாயும் சுவர்க்கடிகாரமும் கூடப் போயின. எதற்குப் பயப்படுவான், எந்த மருந்து, பல்வலி வந்தால் எப்படிக் காட்டுவான் என்பதையெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். நாற்பது பக்கம் வந்தது. 27 வருடமாக அந்த ஒரு தலைக்குள் மட்டும் இருந்தவை.

இருந்தும் விடியற்காலை ஐந்தரைக்கு அவன் தவிப்பு அடங்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவர் மைத்துனர். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். இப்போது அந்த நேரத்தில் மாடிப்படி அருகே நின்று, வீட்டில் உள்ளவர் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார். தன் பெயர் வந்ததும் தம்பி "இருக்கேன்" என்கிறான். பிறகு போய்ப் படுத்துக்கொள்கிறான். போன மாதம் இரண்டு இரவு தங்கினான். இங்கே லயத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்தது அம்மாதான்.