தோட்ட வீட்டு அறைகளை விருந்தினருக்கு விடுதல்: தளங்களும் தரகும்

சேர்வராயன் மலையிலும் பழனி மலையிலும் நீலகிரியிலும் காப்பி, மிளகு முதலியவற்றைப் பயிரிடும் குடும்பங்கள் சில, வீட்டில் வெறுமனே கிடக்கும் இரண்டொரு அறைகளை வெளியூராருக்கு நாள் வாடகைக்கு விட்டு வருகின்றன. மகசூல் குறைந்த வருஷத்தில் இவ்வரவு குடும்பச் செலவுக்கு ஓர் ஊன்றுகோலாகும். ஆயினும் வந்த பணத்தில் கைக்கு நின்றது எவ்வளவு என்று கேட்டால், திட்டமாகச் சொல்லக்கூடியவர் சிலரே. விளைபொருளைத் தரகு மண்டிக்கு அனுப்பும் குடியானவர் கமிஷன், எடைக்கூலி, சாக்கு, மகமை என்று பிடித்தம் ஒவ்வொன்றையும் மனப்பாடமாக ஒப்பிப்பார். அறையை விற்றுக் கொடுக்கும் முன்பதிவுத் தளத்தின் பிடித்தத்தை மாத்திரம் அவ்விதம் பரிசீலிப்பதில்லை. உண்மையில் இரண்டும் ஒரே மாதிரியான வியாபாரமே.

1996-இல் நெதர்லாந்தில் தோன்றிய புக்கிங்.காம், 2000-இல் நம் தேசத்தில் தோன்றிய மேக்மைட்ரிப், 2008-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தோன்றிய ஏர்பிஎன்பி ஆகியவை இத்தளங்களில் முக்கியமானவை. மண்டிக்காரருக்குச் சொந்த வயல் வேண்டாததுபோல, இவற்றின் தொழிலுக்கும் சொந்த அறை வேண்டுவதில்லை. வாங்குவோரை ஓரிடத்தில் திரட்டி வைத்திருப்பதே இவற்றின் மூலதனம். புதிதாக அறை விடத் தொடங்குபவருக்கு அந்தக் கூட்டம் அவசியமாகையால், முதல் ஒரு வருஷம் தளத்தின் உதவியின்றித் தொழில் நடத்துவது கடினம்.

எந்தத் தளம் ஏற்றது என்பது அறையின் தன்மையையும் வீட்டாரின் சுபாவத்தையும் பொறுத்தது. வீட்டாருடன் பேசிப் பழகி, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, வீட்டுச் சாப்பாட்டை விரும்பி வருவோர் ஏர்பிஎன்பியில் அதிகம் தேடுகின்றனர். வீட்டின் விதிகளை விரிவாக எழுதி வைக்க அங்கே இடமுண்டு. பணத்தைத் தளமே வாங்கி வைத்திருந்து, விருந்தினர் வந்து சேர்ந்து ஏறக்குறைய 24 மணி நேரம் கழிந்தபின் வீட்டாருக்கு அனுப்புகிறது. புக்கிங்.காம் ஹோட்டல் வழக்கத்தை ஒட்டியது. விருந்தினர் நேரில் பணம் செலுத்தும் ஏற்பாட்டில், கமிஷனுக்கு மாதம் ஒருமுறை பட்டியல் வரும். பணம் முழுவதும் கையில் வந்துவிட்டதென்று எண்ணிச் செலவழித்தவர் மாத முடிவில் திகைக்க நேரிடும். மேக்மைட்ரிப், அதனோடு 2017-இல் இணைந்த கோஐபிபோ இரண்டும் உள்நாட்டுப் பிரயாணிகள் மிகுதியாக நாடுபவை. ஒரே சமயத்தில் நான்கு தளங்களில் சேர்வது ஊக்கத்தின் அடையாளமாகத் தோன்றினும், இரண்டறை உடையவருக்கு அது வீண் சிரமமே. ஒன்றில் நன்றாக நிலைத்தபின் மற்றொன்றைப் பார்க்கலாம்.

இனிக் கணக்கைக் கவனிப்போம். அறை வாடகை நாளொன்றுக்கு 3,000 ரூபாய், தளத்தின் கமிஷன் நூற்றுக்கு 15 என்று வைத்துக்கொண்டால், கமிஷன் 450 ரூபாய். அந்தக் கமிஷன் மீது சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18 வீதம் 81 ரூபாய். ஆகப் பிடித்தம் 531. வீட்டாருக்கு வருவது 2,469. சாப்பாடு, சலவை, பெருக்கித் துடைக்கும் ஆளின் கூலி, வெந்நீர், மின்சாரம் ஆகியவற்றுக்கு 1,000 ரூபாய் செலவானால் மிச்சம் 1,469. அதே விருந்தினர் நேராக வந்திருந்தால் மிச்சம் 2,000. விலையில் நூற்றுக்கு 15 என்று கேட்கும்போது அற்பமாகத் தோன்றும் கமிஷன், தன் மீதான வரியோடு சேர்ந்து, லாபத்தில் காற்பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வது இதனால் விளங்கும். ஓர் அறை வருஷத்தில் 60 இரவு நிரம்பினால் இவ்வகையில் போவது 31,860 ரூபாய்.

தள்ளுபடி இதனினும் அபாயகரமானது. விடுமுறைச் சலுகை, கடைசி நேரச் சலுகை, புது வாடிக்கைச் சலுகை என்று தளங்கள் அடிக்கடி யோசனை அனுப்பும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், சலுகை அமுலுக்கு வந்துவிடும். மேற்கண்ட வாடகையில் நூற்றுக்கு 20 குறைத்து 2,400-க்கு விட்டால், பிடித்தம் போக வருவது 1,975. செலவு போக மிச்சம் 975. விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தவர், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறார். மழைக்காலத்து வார நாட்களில் அறை வெறுமனே கிடக்கும்போது இதை ஒப்பலாம். மே மாதத்தில், தானாகவே நிரம்பும் அறைக்குச் சலுகை கொடுப்பது, விலையேறும் நாளில் மிளகை அவசரப்பட்டு விற்பதற்கு ஒப்பாகும்.

வரியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்குச் சேவை வரி நூற்றுக்கு 5. வருஷ வரவு 20 லக்ஷம் ரூபாய்க்கு உட்பட்டு, வரிப் பதிவு செய்துகொள்ளாத வீட்டாரின் அறைக்குத் தளமே விருந்தினரிடம் இவ்வரியை வசூலித்துச் செலுத்துகிறது. ஆகவே தளத்தின் மூலம் 3,150 ரூபாய் கொடுக்கும் விருந்தினர், அவ்வீட்டுக்கு நேராக வந்தால் 3,000 கொடுப்பது போதும்.

நேராக வருவோருக்குக் குறைந்த விலை சொல்லலாமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வேறெங்கும் இதனிலும் குறைந்த விலைக்கு விடக்கூடாது என்னும் நிபந்தனை சில ஒப்பந்தங்களில் இருந்து வந்தது. இத்தகைய நிபந்தனை முதலிய காரணங்களுக்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-இல் புதுச் சட்டத்துக்கு இணங்கி புக்கிங்.காம் இந்நிபந்தனையைக் கைவிட்டது. எனினும் கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தின் விலைப் பகுதியையும் ரத்துப் பகுதியையும் ஒருமுறை படித்து, புரியாத இடத்தை விஷயம் அறிந்தவரைக் கேட்டுத் தெளிவது சிலாக்கியம். ரத்து விதி மலைப்பிரதேச வீட்டாருக்கு முக்கியமானது. சனிக்கிழமைக்கான அறையை வெள்ளிக்கிழமை மாலை ரத்து செய்தால், அதை எடுக்க வேறு ஆள் கிடைப்பது அரிது.

1999-இல் உழவர் சந்தைகள் ஏற்பட்டபோது, தரகரின்றி நேரே விற்கும் வழி காய்கறி விளைவிப்போருக்குக் கிடைத்தது. ஆனால் சந்தைக்குத் தினமும் கூடை சுமந்து செல்லும் சிரமமும் அதனோடு சேர்ந்தே வந்தது. அறை விஷயத்திலும் அப்படியே. கூகுள் வரைபடத்தில் வீட்டின் பெயர், தொலைபேசி எண், படங்கள் ஆகியவற்றைப் பதிவு செய்வதற்குக் கட்டணமில்லை. ஏற்காட்டை நோக்கிக் காரில் வரும் சேலத்தாரும் பெங்களூராரும் வழி தேடுவது இவ்வரைபடத்தில்தான். படங்கள் பகல் வெளிச்சத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். குளியலறையின் படமும் ஒன்று அவசியம். இன்ஸ்டாகிராமில் அழகிய படங்கள் போடுவது பெயரைப் பரப்பும். ஆனால் அதற்கு வாரந்தோறும் ஒருவர் உழைக்க வேண்டும். வீட்டில் இளைஞர் எவரும் இல்லையாயின் அதை விட்டுவிடுவதே நலம்.

எல்லாவற்றிலும் பயன் மிக்கது, ஒருமுறை வந்தவர் மறுமுறை நேராக வருவதாகும். ஊருக்குப் புறப்படும்போது கால் கிலோ தோட்டத்துக் காப்பித் தூளை, வீட்டின் பெயரும் எண்ணும் அச்சிட்ட பையில் போட்டுக் கொடுத்தால், அது தீரும்வரை அந்த எண் அவர் சமையலறையில் இருக்கும். தளத்தின் மூலம் ஏற்கெனவே பதிவு செய்து வரும் விருந்தினரை, ரத்து செய்துவிட்டு நேரில் பணம் கொடுக்கும்படி தூண்டுவதோ தகாது. அது தளத்தின் விதிக்கு விரோதம். பட்டியலிலிருந்து நீக்கப்படவும் காரணமாகும்.

நேர்ப்பதிவும் தளப்பதிவும் கலக்கும்போது, ஒரே அறையை இருவருக்குக் கொடுத்துவிடும் தவறு நேர்வதுண்டு. தளங்களின் நாட்காட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கலாம் எனினும், ஒன்றில் செய்த பதிவு மற்றொன்றில் ஏறச் சில மணி நேரம் ஆகக்கூடும். கூடத்தில் ஒரே பதிவுப் புஸ்தகம் இருக்க வேண்டும். தொலைபேசியில் வாக்குக் கொடுப்பவர் யாராயினும் முதலில் அதில் எழுதி, உடனே தளத்தில் அந்த நாளை அடைத்துவிட வேண்டும். தளத்திலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கடவுச்சொல்லையோ ஓடீபீ எண்ணையோ கேட்பவர் மோசக்காரர் என்பதையும் வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

கிராம அதிகாரிகளிடம் சிலர், தளத்தில் பெயர் ஏறிவிட்டது, இனி அநுமதி எதற்கு என்று வாதிப்பதுண்டு. தளத்தின் பட்டியல் உரிமச் சீட்டாகாது. நீலகிரியின் சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தைப் பற்றிய வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் அளித்த தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தபோது, அங்கிருந்த விடுதிகளுக்குப் பிரபல்யம் எதுவும் துணை நிற்கவில்லை. வீட்டார் அங்கேயே குடியிருந்து 1 முதல் 6 அறைகள் வரை விடுவதற்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டம் உண்டு. அதில் வெள்ளி, தங்கம் என இரு தரங்கள். அதற்கும் உள்ளூர் அநுமதிகளுக்கும் முதலில் விண்ணப்பித்துவிட்டுத் தளத்தை நாடுவதே முறை. வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டியது வீட்டாரின் கடமை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகன இ-பாஸ் ஏற்பட்டது. 2025 கோடையில் வாகனங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. முன்பணம் வாங்குமுன் இவ்வகை விதிகளில் அப்போது அமுலில் உள்ளதை விருந்தினருக்குத் தெரிவித்துவிட்டால் பின்னால் தகராறில்லை.

பிரான்ஸ் தேசத்தில் கிராமத்து வீடுகளை வாடகைக்கு விடுவோர் 1955-இல் ழீத் த ஃப்ரான்ஸ் என்ற சங்கமாகக் கூடி, வீடுகளைத் தாமே பரிசோதித்துத் தரம் வகுத்து, பொதுப் பட்டியல் வெளியிட்டனர். ஏர்பிஎன்பி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே தொடங்கிய அந்த ஏற்பாடு இன்றும் நடைபெறுகிறது. நம் மலைக் கிராமங்களில் பத்து வீட்டார் சேர்ந்தால், ஒரு தொலைபேசி எண்ணும் ஒரு பதிவுப் புஸ்தகமும் பொதுவில் வைத்துக்கொண்டு, தம் வீடு நிரம்பியபோது விருந்தினரை அடுத்த வீட்டுக்கு அனுப்பலாம். ஒரு வீட்டின் அசுத்தம் பத்து வீட்டுக்கும் கெட்ட பெயர் என்பதால், பரிசோதனையில் தாட்சண்யம் பார்க்கலாகாது.

ஏற்காட்டுப் பக்கத்தில் தொடங்குவோர் இன்னொன்றையும் உத்தேசிக்க வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை செல்கிறது. விருந்தினர் கூட்டம் பெருகும் டிசம்பர்க் கடைசி வாரம் அதன் நடுவில் விழுகிறது. பழம் பறிக்கும் ஆட்களையே அறை பெருக்க அழைத்தால், பழம் செடியிலேயே முற்றி உதிரும். அறைக்கென்று தனி ஆள் ஏற்பாடு செய்ய இயலாத வீட்டார், பறிப்பு மும்முரமான நாட்களைச் செப்டம்பர் மாதத்திலேயே எல்லாத் தளங்களிலும் அடைத்து வைத்துவிட வேண்டும். பதிவை ஏற்றுக்கொண்டபின் வீட்டாரே ரத்து செய்தால் ஏர்பிஎன்பி முதலிய தளங்கள் அவர்களிடம் அபராதம் பிடிக்கின்றன.