ஊரடங்கிலும் அடங்காத தவணை

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழகம் முழுவதும் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்து, அன்று நள்ளிரவிலிருந்து நாடு தழுவிய ஊரடங்கும் அதனுடன் சேர்ந்துகொண்டபோது, திருநெல்வேலியிலும் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் இரண்டு அச்சங்கள் ஒரே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தன. முதலாவது நோயச்சம், அது தொலைக்காட்சியில் ஓடியது, ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் முழங்கியது, வீட்டுச் சுவரில் ஒட்டுத்தாளாகவும் வந்தது. மற்றது கடனச்சம், அதாவது வாங்கிய பணத்தின் அடுத்த தவணையை எங்கிருந்து கட்டுவது என்ற கவலை. அதைப் பற்றி எந்த ஒலிபெருக்கியும் பேசவில்லை. பெருந்தொற்றின் முதல் வாரங்களைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் முதல் அச்சத்தையே விவரிக்கின்றன என்றாலும், பீடி சுற்றும் பெண்கள், கொடைக் கலைஞர்கள், வாழை விவசாயிகள் ஆகியோரின் அன்றாடத்தை அருகில் சென்று பார்த்தால், வீட்டின் வரவுசெலவையும் உறக்கத்தையும் தீர்மானித்தது இரண்டாவது அச்சமே என்பது விளங்கும்.

நோயச்சத்தின் கதை பலரும் அறிந்தது. கோழி இறைச்சியால் தொற்று பரவும் என்ற வதந்தியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கறிக்கோழியின் விலை சரிந்து, ஆட்டிறைச்சியின் விலை ஏறியது. முகக்கவசமும் கைகழுவும் திரவமும் மருந்துக்கடைகளில் தீர்ந்துபோக, மத்திய அரசு மார்ச் 13 அன்று அவற்றை அத்தியாவசியப் பண்டங்களின் பட்டியலில் சேர்த்து, பின்னர் மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு 10 ரூபாய், 200 மில்லிலிட்டர் திரவத்துக்கு 100 ரூபாய் என உச்சவிலையும் நிர்ணயித்தது. வாசலில் வேப்பிலை கட்டுவதும் மஞ்சள்நீர் தெளிப்பதும் அம்மை கண்ட வீட்டுக்கு உரிய பழைய வழக்கங்கள். அவை ஒரே வாரத்தில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாயின. 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கிவரும் பாளையங்கோட்டையில் கபசுரக் குடிநீருக்கு மதிப்பு கூடியது இயல்பே. சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, நிலவேம்பு, சீந்தில் உள்ளிட்ட பதினைந்து சரக்குகளைச் சேர்த்துக் காய்ச்சும் அந்தக் கசாயம், அதுவரை சித்த மருத்துவர்களுக்கும் நாட்டு மருந்துக்கடைக்காரர்களுக்கும் மட்டுமே பழக்கமான பெயராக இருந்து, ஏப்ரலில் தெருமுனைகளில் தம்ளர் தம்ளராக வழங்கப்படும் நிலையை அடைந்தது.

தனிமைப்படுத்தலும் இவ்வட்டாரத்துக்கு முற்றிலும் புதியதன்று. தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறச் சென்ற தொழிலாளர்களைப் பிளேக் அச்சத்தின் பேரில் நிறுத்திவைத்துப் பார்ப்பதற்கென்றே தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. ஆனால் அந்த முகாமில் நிறுத்தப்பட்டவர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள். 2020இல் நிறுத்தப்பட்டதோ ஊரே. மேலப்பாளையம் ஏப்ரல் தொடக்கத்தில் அடைக்கப்பட்ட பகுதியாகி, தெருமுனைகளில் தடுப்புகள் நிற்க, செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் கால்நடைச் சந்தை நின்று, அங்கிருந்து வருபவர் என்று தெரிந்தாலே பிற தெருக்காரர்கள் விலகிச் செல்லும் நிலையும் ஏற்பட்டது. நோயைப் பற்றிய அச்சம் மனிதரைப் பற்றிய அச்சமாக மாறிய அந்தக் கசப்பை மறக்க இயலாது. ஆனால் அதே மேலப்பாளையத்தில், அதே நாட்களில், வீடுகளின் உள்ளறையில் நிகழ்ந்த வேறொன்று அதைவிடக் குறைவாகவே கவனிக்கப்பட்டது. அது பீடித்தட்டு காலியானது.

பீடித்தொழில் இந்தப் பள்ளத்தாக்கில் பெண்களின் கைத்தொழில். மேலப்பாளையம், முக்கூடல், வீரவநல்லூர், கடையம், ஆலங்குளம் என மாவட்டத்தின் பழைய எல்லைக்குள் பரந்து கிடக்கும் இத்தொழிலில், பெண்கள் பீடிக்கடை எனப்படும் முகவரின் கடைக்குச் சென்று இலையும் தூளும் நூலும் வாங்கி வந்து, இலையை நனைத்து, தகட்டை வைத்து அளவாக வெட்டி, புகையிலைத் தூளை வைத்துச் சுற்றி, நுனியை மடக்கி நூலால் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி பெறுகிறார்கள். இலை உள்ளூரில் விளைவதன்று. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானா காடுகளிலிருந்து வரும் தெண்டு இலை அது. ஆகவே சாலைகள் மூடப்பட்ட அன்றே இத்தொழிலின் இரு முனைகளும் அறுந்தன. இலை வரும் வழியும் பீடி போகும் வழியும் ஒருசேர அடைபட, முகவர் கடைகள் பூட்டப்பட்டு, மே மாதத் தளர்வுகளுக்குப் பிறகே வேலை படிப்படியாகத் திரும்பியது. வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்பதால் ஊரடங்கு இவர்களைப் பாதித்திருக்காது என்று வெளியூர்க்காரர் நினைத்திருக்கலாம். கணினியை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தவருக்கு மாதச் சம்பளம் வந்தது. சுளகை மடியில் வைத்திருந்தவருக்கு வாரக் கூலி நின்றது.

அந்த வாரக் கூலிதான் வாரத் தவணையாக மாறுவது. நுண்கடன் என்று புத்தகங்களிலும் குழுக் கடன் அல்லது குழு லோன் என்று ஊரிலும் வழங்கப்படும் ஏற்பாட்டில், பெண்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து, பிணையாக நகையோ பத்திரமோ வைக்காமல், ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்குகிறார்கள். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் பகிர்ந்து கட்ட வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. வட்டி ஆண்டுக்கு இருபது சதவீதத்தைத் தாண்டும். இத்தகைய நிதி நிறுவனங்கள் ஒரு பெண்ணுக்கு அளிக்கக்கூடிய கடனின் வரம்பை இந்திய ரிசர்வ் வங்கி பெருந்தொற்றுக்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 2019இன் இறுதியில், 1 லட்சம் ரூபாயிலிருந்து 1.25 லட்சமாக உயர்த்தியிருந்தது. ஒருவருக்கு இரண்டு நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. ஆனால் வங்கிகள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராததால் மூன்றாவது, நான்காவது கடன் அட்டை ஒரே வீட்டில் இருப்பது அரிதாக இருக்கவில்லை. திங்களன்று ஒரு குழு, புதனன்று ஒரு குழு என்று கிழமைகளே தவணைகளால் அடையாளம் காணப்படும் தெருக்களில்தான் ஊரடங்கு இறங்கியது.

மார்ச் 27 அன்று கடன் தவணைகளை மூன்று மாதங்களுக்குத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. மே 22 அன்று அந்தக் காலம் ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இந்த அறிவிப்பைத் தவணைத் தள்ளுபடி என்று பலர் புரிந்துகொண்டதுதான் பின்னர் வந்த குழப்பங்களின் வேர். தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. நிலுவையில் நிற்கும் 30,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 24 சதவீதம் என்று கொண்டால் மாதத்துக்கு 600 ரூபாய் ஏறும். ஆறு மாதம் கட்டாமல் இருந்தால் 3,600 ரூபாய் கூடுதலாக நிற்கும். அதே ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு அரசு வழங்கிய நிவாரணம் 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும். அந்த ஆயிரம் ரூபாய் இரண்டு மாத வட்டிக்குக்கூடப் போதாது என்ற கணக்கைப் பீடி சுற்றும் எந்தப் பெண்ணும் விரல் மடக்கிச் சொல்லிவிடுவாள். வட்டிக்கு வட்டியாகச் சேர்ந்த பகுதி மட்டும் அவ்வாண்டின் பிற்பகுதியில் திருப்பித் தரப்பட்டது. வட்டி அப்படியே இருந்தது.

திருநெல்வேலியில் கடன் என்ற சொல்லுக்கு வேறு ஊர்களில் இல்லாத ஒரு கனம் உண்டு. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்கு இரையானதை இவ்வூர் கண்டது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2003இல், அநியாய வட்டியைத் தடைசெய்யும் சட்டம் தமிழகத்தில் வந்திருந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் வகைகளையே அச்சட்டம் பெயர்சொல்லித் தடுக்கிறது. 2017க்குப் பிறகு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வருபவர்களின் பைகளை மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று வாசலிலேயே சோதிப்பது வழக்கமாயிற்று. ஊரடங்கில் அந்தத் திங்கட்கிழமைகள் நின்றன. கூட்டம் கூடக்கூடாது என்ற காரணம் சரியானதே. எனினும் கடன்பட்டவர் தம் குரலை அரசின் காதுக்கு நேரடியாகச் சேர்க்கும் ஒரே நாள் அது என்பதால், அந்த இழப்பு மனுப்பெட்டியால் ஈடுசெய்யக் கூடியதாக இருக்கவில்லை. முறையான கடனின் தவணை தள்ளிப்போன வீட்டில், அரிசிக்கும் மருந்துக்குமாக முறைசாராக் கடன் நுழைவதற்கு அந்த இடைவெளி போதுமானது.

இதற்கு மேல் பங்குனியும் சித்திரையும் இப்பகுதியில் பணம் புரளும் மாதங்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 6 அன்று வந்தது. தம் குலத்துக்குரிய சாஸ்தா கோயிலைத் தேடி மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் குடும்பங்கள் ஊர் திரும்பும் அந்நாளில், ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலும் உள்ள சாஸ்தா கோயில்கள் பூட்டிக் கிடந்தன. அதைத் தொடர்ந்து வரும் கொடைகளும் நின்றன. கொடை என்பது சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன், முப்பிடாதியம்மன் போன்ற ஊர்த் தெய்வங்களுக்கு வரிப்பணம் பிரித்து ஆண்டுதோறும் எடுக்கும் விழா. வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், மகுடம் என்னும் தோற்கருவியை முழக்கி ஆடும் கணியான் கூத்து ஆகிய கலைகள் உயிர்வாழ்வதே இந்த விழாக்களால்தான். இக்கலைஞர்களின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு பங்குனி முதல் ஆடி, ஆவணி வரையான மாதங்களுக்குள் அடங்கிவிடுவதால், அந்தப் பருவத்தை நம்பி முன்கூட்டியே கடன் வாங்குவதும், பருவம் முடிந்ததும் அடைப்பதும் அவர்களது வழக்கம். 2020இல் கடன் மட்டும் இருந்தது, பருவம் வரவில்லை. நலவாரியத்தில் பதிந்தவர்களுக்கு நிவாரணத் தொகை கிடைத்தது. பதியாதவர்கள் பதிந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செய்முறை என்று நெல்லையில் வழங்கும் மொய்ப்பணமும் ஒரு வகையில் கடனே. ஒருவர் வீட்டு விசேஷத்தில் வைத்த தொகை, தம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் இயங்கும் வட்டியில்லாச் சேமிப்பு அது. திருமணத்துக்கு ஐம்பது பேர், துட்டிக்கு, அதாவது இறப்பு வீட்டுக்கு, இருபது பேர் என்ற வரம்பு வந்தபோது, சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் மகளின் திருமணத்தை நடத்தியவர்களுக்கு அந்தச் சேமிப்பு திரும்பவில்லை. சாப்பாட்டுச் செலவு மிச்சமாயிற்றே என்று அப்போது பேசப்பட்டது. நகைக்காக வாங்கிய கடனை மொய்ப்பணத்தால் அடைக்கத் திட்டமிட்டிருந்தவர்களிடம் அதைச் சொல்ல முடியாது.

வயல்களின் நிலை இவ்வளவு கடுமையானதன்று. பிசான நெல் அறுவடை பெரும்பாலும் முடியும் தறுவாயில் ஊரடங்கு வந்ததும், வேளாண் பணிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டதும் நெல் விவசாயிகளை ஓரளவு காத்தன. களக்காட்டு வட்டாரத்தில் கேரளச் சந்தையை நம்பி ஏத்தன் வாழை பயிரிட்டவர்களுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. சரக்கு லாரி செல்லத் தடையில்லை என்றாலும், அந்தப் பக்கம் வாங்குவோர் குறைந்தபோது தார் மரத்திலேயே பழுத்தது.

நோயச்சமே மக்களை வீட்டுக்குள் இருத்தி உயிர்களைக் காத்தது, ஆகவே அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்று பொதுச் சுகாதாரத் துறையினர் வாதிடுவதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அஞ்சி வீட்டுக்குள் இருக்க வேண்டுமானால், இருப்பதற்கான செலவை யாராவது ஏற்க வேண்டும். அந்தச் செலவைத் தாமிரபரணிக் கரையில் பெருமளவு ஏற்றது பெண்களின் பெயரில் நின்ற கடன்தான். 2020 ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேர் ஓடவில்லை, அடுத்த ஆண்டும் ஓடவில்லை, 2022இல் மீண்டும் ஓடியது. தவணைக்கு அத்தனை நீண்ட ஓய்வு கிடைக்கவில்லை. தள்ளிவைத்த காலம் ஆகஸ்ட் 31 அன்று முடிய, செப்டம்பரிலிருந்து வசூல் முறைப்படி தொடர்ந்தது.

தொற்றுநோய்க் காலத்துக்கென மாவட்டந்தோறும் வகுக்கப்படும் திட்டங்களில் படுக்கைகளும் ஆக்சிஜன் உருளைகளும் ஆம்புலன்சுகளும் எண்ணி எழுதப்படுகின்றன. அடுத்த முறை ஊரை அடைக்கும் உத்தரவு பிறப்பிக்கப்படும்போது, அதே தாளில், அடைப்பு நீடிக்கும் நாட்களுக்குச் சிறுகடன்களின் வட்டியை அரசே ஏற்கும் என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும். அந்த வரியை இப்போதே எழுதச் சொல்லி, தங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் வாசகர்கள் கேட்க வேண்டும்.