குழந்தையின் முழங்கையை உருவிவிடாதீர்கள்

விடுமுறை விட்டால் கோடம்பாக்கத்து அடுக்ககக் குழந்தைகளுக்கு மாடிப்படியும் பூங்காவின் சறுக்குமரமும்தான் உலகம். விழும்போது கையை ஊன்றுகிறார்கள். உடம்பின் பாரமெல்லாம் முழங்கையில் இறங்குகிறது. மூட்டுக்குச் சற்று மேலே, மேற்கை எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் முறிகிறது. ஐந்து முதல் ஏழு வயதில் இது மிக அதிகம்.

எலும்பு விலகாவிட்டால் மாவுக்கட்டு போதும். விலகியிருந்தால் மயக்க மருந்து கொடுத்து நேராக்கி, மெல்லிய கம்பிகளைச் செருகுவார்கள். பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். பெற்றோரின் கலக்கம் அன்றுதான் தொடங்குகிறது. கையை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை.

பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சுவார். “தண்ணி பக்கெட்டைத் தூக்கச் சொல்லு, கை தானா நிமிரும்” என்பார்கள் பக்கத்து வீட்டில். இரண்டும் வேண்டாம். அழுத்தி உருவினாலும் வலிந்து இழுத்தாலும் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிவிடக்கூடும்.

இந்த விறைப்பு பெரும்பாலும் தானாகவே விலகும். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறாவது வாரத்தில் மறு கையின் அசைவில் 72 சதவீதம் திரும்பியிருந்தது. ஓராண்டில் 98 சதவீதம். 2014இல் வந்த இன்னொரு ஆய்வு, சாதாரண முறிவுகளில் தனியாகப் பிசியோதெரபி கொடுத்ததால் கூடுதல் பலன் இல்லை என்றது. அடிபட்ட கையாலேயே குழந்தை சட்டைப் பொத்தான் போடட்டும், தலை வாரட்டும், குவளையில் தண்ணீர் மொண்டு ஊற்றட்டும், கேரம் ஆடட்டும். முழுதாக நீட்டுவதுதான் கடைசியில் வரும்; பொறுத்திருங்கள்.

மூட்டுக்குள்ளேயே முறிவு, நரம்பில் பாதிப்பு, மாதக்கணக்கில் முன்னேற்றமின்மை என்றால் கதை வேறு. அப்போது பிசியோதெரபிஸ்ட் கட்டாயம் தேவை. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

பொறுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: முதல் சில நாட்கள். புத்தூர் கட்டோ மாவுக்கட்டோ, இறுக்கமானால் ரத்த ஓட்டம் தடைபட்டுச் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881லேயே இதை எழுதிவைத்தார். விரல்கள் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டினாலே குழந்தை துடித்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கோ, எலும்பு மருத்துவர் இருக்கும் அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.